பீங்கான் தட்டில் வெட்டிய பெயர்

காலை 5.20, திருவான்மியூர் பேருந்து நிறுத்தம். 2006 மார்ச் மாதத்தில் ஒரு புதன்கிழமை. கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் பாண்டிச்சேரி போகும் பேருந்தில் ஏறி, மரக்காணத்துக்கு முப்பத்தெட்டு ரூபாய் கொடுத்து டிக்கெட் வாங்கினேன். உட்கார இடம் கிடைத்தது, ஜன்னல் கிடைக்கவில்லை. மடியில் ஒரு துணிப்பை. அதற்குள் ஒரு புத்தகத்தின் கடைசி மெய்ப்பு, ஓர் ஒப்புதல் கடிதம், சிவப்புப் பேனா, இட்லிப் பொட்டலம். ஊர் பார்க்கக் கிளம்பியவள் இல்லை நான். சண்டை போடக் கிளம்பியவள். அதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

நான் சென்னையில் ஒரு சின்னப் பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். பத்தொன்பது வருடமாக அதுதான் பிழைப்பு. எங்கள் ஜாதி புத்தகம் படிப்பதில்லை, எழுத்துகளைத்தான் படிப்போம். சமையல் புத்தகமும் ஜோசியப் புத்தகமும் எனக்கு ஒன்றுதான். ஒற்று விழுந்திருக்கிறதா, துணைக்கால் விட்டுப்போயிருக்கிறதா, அவ்வளவோடு சரி. அப்படி ஒழுங்காக இருந்தவளை இந்த ஜனவரியில் ஒரு கட்டுக் காகிதம் வந்து கெடுத்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நாஜிகள் யூதர்களைக் கொல்வதற்கென்றே கட்டிய முகாம் ஒன்றிலிருந்து உயிரோடு திரும்பிய ஒரு பெண்ணின் நினைவுக் குறிப்பு. ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வந்திருந்தது.

அந்தப் பெண்ணுக்கு அப்போது பதினேழு வயது. ரயிலை விட்டு இறங்கியதும் அவளை ஒரு பக்கமும் அம்மாவை இன்னொரு பக்கமும் போகச் சொல்கிறார்கள். அம்மா போகிற போக்கில் திரும்பி, “கோட்டுப் பொத்தானைப் போடு, குளிர்கிறது” என்கிறாள். அதுதான் கடைசிப் பேச்சு. அந்த வரியில் ஓர் ஒற்றுப்பிழை இருந்தது. நான் திருத்தவில்லை. திருத்தாமல் விட்டது மூன்று பக்கம் தாண்டித்தான் எனக்கே உறைத்தது.

அழுதேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். எனக்கு வந்தது கோபம். யார் மேல் என்று தெரியாத கோபம், அதனால் கையில் கிடைத்தவர்கள் மேலெல்லாம் விழுந்தது. என் மகள் தோசையின் ஓரத்தைப் பிய்த்துத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தாள். நான் திட்டிய திட்டில் அவள் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. “இன்னா மேடம், அறுபது வருஷத்துக்கு முன்னாடி எங்கயோ நடந்தது, ஓவரா எடுத்துக்கிறீங்க” என்று சொன்ன எங்கள் கம்ப்யூட்டர் டைப் செய்யும் ஆளிடம் நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே அச்சில் ஏற்ற முடியாது.

காலை 6.45, மாமல்லபுரம் தாண்டியாயிற்று. இடதுபுறம் கடல் வருவதும் மறைவதுமாக இருந்தது. சுனாமி முடிந்து ஒன்றேகால் வருடம் ஆகியும் குப்பங்களின் தற்காலிகத் தகரக் கொட்டகைகள் அப்படியே நின்றன. முன்னிருக்கைக்காரர் ஜன்னலைச் சாத்திவிட்டுத் தூங்கினார். கடப்பாக்கத்தில் பேருந்து பத்து நிமிடம் நின்றது. டீ மூன்று ரூபாய், சர்க்கரைப் பாகு மாதிரி இருந்தது.

சண்டைக்கு இரண்டு காரணம். ஒன்று எங்கள் முதலாளி. புத்தகம் இருநூற்று முப்பத்திரண்டு பக்கம் வந்துவிட்டது. பதினாறு பக்கம் ஒரு ஃபாரம் என்ற கணக்கில் பதினான்கரை ஃபாரம். கடைசி அத்தியாயம் சரியாக இருபத்து நான்கு பக்கம். அதை எடுத்துவிட்டால் பதிமூன்று ஃபாரத்தில் கச்சிதமாக முடியும், விலையை நூறு ரூபாயில் நிறுத்தலாம் என்றார். “விடுதலையோட முடிஞ்சா படிக்கிறவனுக்கு ஒரு நிம்மதி. அதுக்கு மேல எதுக்கு இன்னும் அழுகை?” எழுதியவர் காலமாகிவிட்டார், மொழிபெயர்த்தவர் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். செத்தவர்களைக் கேட்க வேண்டியதில்லை என்பது எவ்வளவு வசதி பாருங்கள்.

அந்தக் கடைசி அத்தியாயத்தில்தான் அவள் வீட்டுக்குத் திரும்புகிறாள். போர் முடிந்து, நடந்தும் லாரியிலும் தன் ஊருக்குப் போய்த் தன் வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். பக்கத்து வீட்டுக்காரி திறக்கிறாள். அந்தக் குடும்பம் இப்போது அங்கே குடியிருக்கிறது. மேஜை மேல் அவள் அம்மாவின் நீலக்கரை போட்ட ஆறு பீங்கான் தட்டு. பக்கத்து வீட்டுக்காரி கெட்டவள் இல்லை. அவற்றில் ஒன்றில் சூப் ஊற்றிக் கொடுத்து, இருட்டுவதற்குள் கிளம்பிவிடு என்கிறாள். பசி. அவள் குடித்து முடிக்கிறாள். முகாமில் பட்டதையெல்லாம் எழுதியவள், தனக்கு அவமானம் என்று எழுதியது இந்த ஒரு தட்டு சூப்பைத்தான். இதை எடுத்துவிட்டு, நிம்மதியாம்.

இரண்டாவது காரணம் மொழிபெயர்ப்பாளர். “தட்டைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் அம்மாவின் பெயர் வெட்டியிருந்தது” என்று தமிழில் இரண்டு வரி. பீங்கான் தட்டில் எப்படியம்மா பெயர் வெட்டுவது? உளியை வைத்தால் உடைந்து போகாதா? சந்தேகப்பட்டு ஆங்கிலப் பிரதியைப் புரட்டினேன். அந்த வரிகளே அதில் இல்லை. சொந்தச் சரக்கு. அப்படி ஒன்றும் நடக்கவே இல்லை, எல்லாம் கட்டுக்கதை என்று சாதிக்கிறவர்கள் இன்றைக்கும் உலகத்தில் இருக்கிறார்கள். அவர்கள் கையில் நாமே எடுத்துக் கொடுக்கிற மாதிரி இரண்டு வரி. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அத்தியாயத்தை எடுக்கச் சம்மதமா என்று கேட்டு எழுதிய இரண்டு கடிதத்துக்கும் மொழிபெயர்ப்பாளரிடமிருந்து பதில் இல்லை. ஒப்புதல் கடிதத்தை முதலாளி கூரியரில் அனுப்பச் சொன்னார். நானே போகிறேன் என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

காலை 8.35, மரக்காணம். திருவான்மியூரிலிருந்து நூற்றுப் பத்து கிலோமீட்டர் இருக்கும். ஊருக்கு முன்பே கண் கூசத் தொடங்கிவிட்டது. சாலையின் இரண்டு பக்கமும் கண்ணாடி மாதிரி பாத்தி பாத்தியாகத் தண்ணீர், வரப்பு ஓரங்களில் வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல், சில குவியல்களுக்குக் கீற்று மூடியிருந்தது. ஷேர் ஆட்டோவுக்கு ஐந்து ரூபாய்.

“யாரைப் பாக்கணும்?” என்றார் ஓட்டுநர்.

“சுலோசனான்னு, புத்தகமெல்லாம் எழுதுவாங்க.”

“புக்கு எழுதுறவங்களா? அப்படி யாரும் இல்லியே. உப்பளம் வெச்சிருக்கிற டீச்சரம்மாவா? அவங்க டீச்சர் இல்லீங்க, கண்ணாடி போட்டுக்கினு படிச்சிக்கினே இருப்பாங்க, அதனால டீச்சரம்மா. இந்நேரத்துக்கு வூட்ல இருக்க மாட்டாங்க. உப்பளத்துலயே வுட்டுடறேன்.”

வரப்பில் இறக்கிவிட்டார். செருப்போடு நடந்தால் வழுக்கியது, கழற்றினால் குத்தியது. விடியற்காலை நான்கு மணிக்கே தொடங்கிய வேலை முடிகிற நேரம். ஏழெட்டுப் பெண்கள் தலையில் சும்மாடு வைத்துக் கூடை கூடையாக உப்பைக் கொண்டுவந்து மேட்டில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். உப்பு அரித்திருக்கும் அவர்கள் கணுக்கால்களை உற்றுப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை.

மொழிபெயர்ப்பாளர் சுலோசனாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. பாண்டிச்சேரியில் ஆங்கிலம் எம்.ஏ. படித்தவர். கணவர் இறந்தபிறகு அவருடைய இரண்டரை ஏக்கர் குத்தகையை இவர்தான் பார்த்துக்கொள்கிறார். கீற்றுக் கொட்டகையில் கயிற்றுக் கட்டில் மேல் அகராதி விரிந்து கிடந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, “நீங்களே வந்துட்டீங்களா, ஐயோ” என்றார். லெட்டருக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் இருந்துவிட்டாராம். மோர் கொடுத்தார். நான் வாங்கிக் கீழே வைத்தேன். கோபத்தில் வாங்கிக் குடிக்கக் கூடாது என்று வழியெல்லாம் தீர்மானித்திருந்தேன்.

“முதல்ல இதுக்குப் பதில் சொல்லுங்க” என்று அந்த இரண்டு வரியில் சிவப்பு மையால் வட்டம் போட்ட பக்கத்தை நீட்டினேன். “இது யார் எழுதினது?”

அவர் பார்த்தார். மறுக்கவில்லை. அதுவே எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

“நான் எப்பவும் மொழிபெயர்த்ததை இங்க உப்பு சுமக்கிற இவங்களுக்குப் படிச்சுக் காட்டுவேங்க. பத்து மணிக்கு வேலை முடிஞ்சு இந்தக் கொட்டகையில கஞ்சி குடிப்பாங்க. அப்ப தினம் ஒண்ணு ரெண்டு பத்தி. எந்த வரியில இவங்க வாய் மெல்றது நிக்குதோ, அந்த வரி சரியில்லன்னு அர்த்தம். மூணு வருஷமா அப்படித்தான் இந்தப் புத்தகம் முழுக்கப் படிச்சேன்.”

“சரி, அதுக்கும் இதுக்கும் என்ன?”

“தட்டு வர்ற இடம் வந்துச்சு. எல்லாரும் பிடிச்சுக்கிட்டாங்க. தட்டுல பேரு வெட்டலையா? பேரைக் காட்டிக் கேட்டிருந்தா குடுத்துத்தானே ஆகணும்? அந்த ஊர்ல பாத்திரக் கடைக்காரன் பேரு வெட்டித் தர மாட்டானான்னு மூணு நாளு அதே பேச்சு. மேல படிக்கவே விடல. கல்யாணத்துக்கு வாங்குற சொம்புலகூட பேரு வெட்டுறவங்க, பேரில்லாத தட்டை நினைச்சுப் பாக்க முடியல. நாலாம் நாள் இந்த ரெண்டு வரியைச் சேர்த்துப் படிச்சேன். எல்லாரும் அப்பாடான்னாங்க. அப்புறம் எடுக்க மனசு வரல.”

“மனசு வரலையா? அது உங்க கதை இல்லைங்க. ஒரு பொம்பளை பட்டதைச் சாட்சி சொல்லிட்டுப் போயிருக்கா. சாட்சியில நீங்க எப்படிக் கை வைக்கலாம்? நாளைக்கு எவனாவது இந்தப் பீங்கான் தட்டைக் காட்டி, இது பொய், அப்போ மொத்தமும் பொய்தான்னு சொன்னா யார் பதில் சொல்றது? கொட்டகையில அப்பாடான்னவங்களா?”

குரலை உயர்த்திவிட்டேன். கூடை சுமந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சுலோசனா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அமைதியாக, “அந்தக் கையெழுத்து லெட்டரைக் குடுங்க” என்றார்.

“எதுக்கு?”

“போட்டுடறேன். அத்தியாயமே போயிட்டா இந்த ரெண்டு வரியும் அதோட போயிடும். மூணு வருஷ வேலைங்க. வேற நாலு பதிப்பகம் முடியாதுன்னுட்டாங்க. இதுவும் வராம போனா அவளைத் தமிழ்ல யாரும் படிக்கவே போறதில்ல. இருநூத்தி எட்டு பக்கமாவது வரட்டும்.”

இதற்கு நான் தயாராக வரவில்லை. கையெழுத்துப் போடாதீர்கள் என்று சொல்லவும் எனக்கு உரிமை இல்லை. கடிதத்தைக் கொண்டுவந்ததே நான்தான். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். 

காலை 10.05. வேலை முடிந்து பெண்கள் கொட்டகைக்கு வந்தார்கள். தூக்குவாளிகளைத் திறந்தார்கள். முன்னால் வந்தவள் நாற்பத்தைந்து வயது இருக்கும், நெடுநெடுவென்று உயரம். பெயர் அஞ்சலை. உட்காராமல் நின்றபடியே கேட்டாள்.

“இன்னா பேப்பரு டீச்சரம்மா அது? இந்த யக்கா எதுக்கு அப்படிக் கத்துச்சு?”

சுலோசனா சொன்னார். கடைசிப் பாகத்தை எடுக்கப்போகிறார்கள், சூப் குடிக்கிற இடம் புத்தகத்தில் இருக்காது என்றார். அப்புறம் அந்த இரண்டு வரி தானே எழுதிச் சேர்த்தது, நிஜமாக அந்தத் தட்டில் பெயர் இல்லை என்பதையும் சொன்னார். அதைச் சொல்லும்போது தலை குனிந்திருந்தது.

மற்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “பேரு இல்லியா?” என்றாள் ஒருத்தி, ஏமாந்தவள் மாதிரி.

“எனக்குத் தெரியும்” என்றாள் அஞ்சலை. “அதான் அன்னிக்கி எழுந்து போனேன்.”

“வெயில்ல தலை சுத்துதுன்னு சொன்னியே” என்றார் சுலோசனா.

“சொன்னேன். தலையும் சுத்தல, ஒண்ணும் சுத்தல.” என் பக்கம் திரும்பினாள். “யக்கா, நீ படிச்சவ. பேரு இருந்தா குடுத்துடுவாங்களா?”

அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். ஊர் பெயரை எழுதக் கூடாது என்று கேட்டுக்கொண்டாள், எழுதவில்லை.

“நான் இந்த ஊரு இல்ல. கட்டிக் குடுத்த ஊரு வேற. கல்யாணமாகி ரெண்டாவது வருஷம் எங்க தெருவை ஊர்க்காரங்க கொளுத்திட்டாங்க. எதுக்குன்னு கேக்காதே, எங்க ஆளு ஒருத்தன் எங்கயோ போகக் கூடாத வழியில போனான்னு. கட்டின துணியோட ஓடுனோம். நாப்பது நாளு வானூரு பக்கம் சொந்தக்காரங்க வூட்ல. திரும்பி வந்தா வூடு கரி. சரி, கூரைதானே, போட்டுக்கலாம். பாத்திரம்? நெருப்புல குடம் எரியுமா? ஒண்ணுகூட இல்ல. எனக்கு சீரு வெச்ச பித்தளைக் குடம், கழுத்துல ஆ. அஞ்சலைன்னு புள்ளி புள்ளியா வெட்டியிருக்கும். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனா அந்த எழுத்து எப்படி இருக்கும்னு தெரியும். அது ஒண்ணுதான் எனக்குப் படிக்கத் தெரியும்.

“பொழைக்கணுமே, அதே ஊர்க்காரங்க கழனிக்குத்தான் களை எடுக்கப் போனேன். மத்தியானம் தண்ணி கேட்டேன். அந்த வூட்டம்மா குடத்தை இடுப்புல வெச்சிக்கினு வந்துச்சு. கையேந்துன்னு சொல்லி மேலேர்ந்து ஊத்துச்சு. என் குடம். கழுத்துல என் பேரு. அந்தம்மாவுக்குப் படிக்கத் தெரியும், பள்ளிக்கூடம் போனவங்க. அது என் பேருன்னும் அதுக்குத் தெரியும். ரெண்டு பேரும் அதைப் பாத்தோம். நான் பாத்ததை அதுவும் பாத்துச்சு.”

“கேக்கலையா?” என்றேன். கேட்டவுடனேயே என் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

“கேட்டு? மறுபடி கொளுத்தவா?” அஞ்சலை சும்மாட்டுத் துணியை உதறினாள். “குடிச்சேன். வெயிலு, தாகம், குடிச்சேன். அந்தப் பொம்பள சூப்பு குடிச்சிதே, அதை டீச்சரம்மா படிச்சப்ப, உலகத்துல இன்னொருத்தியும் குடிச்சிருக்கான்னு இருந்துச்சு. அப்புறம் பேரு வெட்டியிருக்குதுன்னு படிச்சாங்க. எல்லாரும் அப்பாடான்றாங்க. எனக்குப் பத்திக்கினு வந்துச்சு. பேரு இருந்தா நியாயம் கெடைக்கும்னு எவன் சொன்னான்? அது பொய்யி. அதை அடிச்சிடுங்க. சூப்பை எடுத்தீங்கன்னா மட்டும் டீச்சரம்மா, நாளையிலேர்ந்து நீங்க படிக்கிறதை நான் கேக்க மாட்டேன்.”

இந்தப் பெண்ணின் கதையும் அந்தப் பெண்ணின் கதையும் ஒன்று என்று நான் எழுத மாட்டேன். ஒன்றில்லை. அஞ்சலையும் அப்படிச் சொல்லவில்லை. அவள் பேசியது ஒரு தட்டைப் பற்றியும் ஒரு குடத்தைப் பற்றியும்தான். பத்தொன்பது வருடமாக நான் திருத்திய எந்தப் பிழையும் இவள் பிடித்த பிழைக்குக் கால் தூசு பெறாது. நான் உளியைப் பார்த்து அது பொய் என்றேன். இவள் மனிதர்களைப் பார்த்துச் சொன்னாள்.

சுலோசனா என் சிவப்புப் பேனாவைக் கேட்டார். இரண்டு வரியையும் அடித்து, ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டார். ஒப்புதல் கடிதத்தைக் கையெழுத்துப் போடாமல் அப்படியே மடித்து என்னிடம் திருப்பித் தந்தார். “வராட்டி வராம போகட்டுங்க. குறையா வர வேணாம்” என்றார். மோரை எடுத்துக் குடித்தேன். உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

பகல் 12.10. மரக்காணம் பேருந்து நிலையத்துக்கு எதிரே எஸ்.டி.டி. பூத். முதலாளியைக் கூப்பிட்டேன். கையெழுத்து இல்லை, அத்தியாயம் முழுதாக அச்சுக்குப் போகிறது, அதில் இரண்டு வரி மட்டும் நீக்கம் என்றேன். அவர் வாயைத் திறப்பதற்குள், “எழுத்து அளவைப் பன்னெண்டு பாயின்ட்லேர்ந்து பதினொண்ணு ஆக்குங்க. மொத்தமும் அதே பதிமூணு ஃபாரத்துல அடங்கிடும்” என்றேன்.

முதலாளி கணக்குப் போட்டுப் பார்த்தார். “பதினொண்ணுல போட்டா கண்ணு தெரியலன்னு வயசானவங்க திட்டுவாங்களேம்மா.”

“திட்டட்டும்.”

“சரி, போட்டுத் தொலைங்க. இதை முன்னாடியே சொல்லியிருந்தா வேலை முடிஞ்சிருக்கும். எதுக்கு அவ்ளோ தூரம் போனீங்க?”

அவர் கேட்டது நியாயம். ஒரு பாயின்ட் குறைத்தால் போதும் என்பது அவர் முதல் நாள் சொன்னபோதே எனக்குத் தெரியும். தொழில் தெரிந்த யாருக்கும் தெரியும். ஆனால் என் வேலை ஒற்றுப் பார்ப்பது, பக்கத்தைப் பற்றிப் பேச என்னைக் கேட்கவில்லையே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். வழி முழுக்க ஊரார் மேல் வைத்திருந்த கோபத்தில் பாதியை அந்தப் பூத் வாசலிலேயே என் மேல் திருப்பிக்கொண்டேன். போனுக்குப் பதினொரு ரூபாய் ஆயிற்று.

திரும்பி வரும் பேருந்தில் ஜன்னல் கிடைத்தது. நான் எதையும் பார்க்கவில்லை. மாலை நான்கு மணிக்கு வீடு. புடவை ஓரம் உப்புப் பூத்து விறைத்திருந்தது. கை கழுவச் சமையலறைக்குப் போனேன். என் கல்யாணச் சீரில் வந்த பித்தளைத் தவலை மூலையில் இருக்கிறது, குடிதண்ணீருக்கு. அதன் கழுத்தில் என் பெயர். பெயருக்கு முன்னால் ஒரு விரல் நீளத்துக்கு அரம் போட்டு ராவின தடம் உண்டு. பெயர் வெட்டியவன் பிழை விட்டுத் திருத்தியிருக்கிறான் என்றுதான் இருபது வருடமாக நினைத்திருந்தேன். வேலை அப்படிப்பட்ட வேலை, எனக்கு எல்லாமே எழுத்துப்பிழை.

புளியைப் போட்டுத் தேய்த்தேன். ராவினவன் முழுக்க ராவவில்லை. கடைசி எழுத்தின் புள்ளிகள் மிஞ்சியிருந்தன. ‘ள்’. என் பெயர் ‘ள்’ என்று முடிவதில்லை. எங்கள் வீட்டில் யார் பெயரும் அப்படி முடிவதில்லை.

ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

“அந்தத் தவலை புதுசா வாங்கினது இல்லையாம்மா?”

“எது, பித்தளையா? அது பழசுடி. அந்தக் காலத்துலேர்ந்து நம்ம வீட்டுப் பரண்ல கிடந்தது. கனமா இருக்குன்னு உனக்கு வெச்சோம்.”

“நம்ம வீட்டுக்கு எப்படி வந்துச்சு?”

“என்ன இப்ப அதுக்கு?”

“அதுல வேற பேரு இருக்கு. ராவியிருக்கு. யாரு பேரும்மா அது?”

அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.  

“இத்தனை வருஷம் கழிச்சு அதையெல்லாம் எதுக்குக் கிளறுறே? யாரு வந்து கேக்கப் போறாங்க?”

“நான் கேக்கிறேம்மா, சொல்லு” என்றேன்.